கடை நடத்திய சிறுவர்கள்

குடிமையியல் என்றதும் பாடநூலின் சில பக்கங்களும் தேர்வில் வரும் ஒரு வினாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நற்குடிமக்களை உருவாக்கும் பணியை வேறு வழியிற் செய்து காட்டிய பள்ளியொன்று நம் வரலாற்றில் உண்டு. அது தில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் தொடக்கப் பள்ளி.

ஒத்துழையாமை இயக்கத்தின் எழுச்சியில் 1920-இல் அலிகாரில் தோன்றி, 1925-இல் தில்லிக்குப் பெயர்ந்த ஜாமிஆ, பொருளின்றி மூடப்படும் நிலையை எய்தியது. 1926-இல் ஜெர்மனியிலிருந்து திரும்பிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் தம் 29-ஆம் வயதில் அதன் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் உழைப்பதென, 1928-இல் அவரும் உடன் ஆசிரியர்களும் உறுதி பூண்டனர். மாணவர் கண்ட முதற் குடிமைப் பாடம் அதுவே அன்றோ!

அப்பள்ளியில் சிறுவர்களே கடை நடத்தினர். தங்களுக்கென வங்கியும் நடத்தினர். கடைக் கணக்கில் ஓரணா குறைந்தால் அதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி, நேர்மையைப் பற்றிய நூறு அறிவுரைகளுக்கு நிகராகும்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, ஆதாரக் கல்வித் திட்டம் வகுக்கும் குழுவுக்கு ஜாகிர் ஹுசைனையே தலைவராக்கியது. கைத்தொழிலை மையமாக வைத்துத் தாய்மொழியிற் கற்பிக்கும் அத்திட்டம், குடிமைப் பண்பையும் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டது. முஸ்லிம் லீக் அதனைக் கடுமையாக எதிர்த்தது. ஆயினும் 1946-இல், நாடு கலவரத்தீயில் வெந்த நாளில், ஜாமிஆவின் வெள்ளி விழா மேடையில் ஜின்னாவும் நேருவும் ஒருங்கே அமர்ந்தனர். பகைமைத்தீயை அணைக்குமாறு அவர்களிடம் மன்றாடினார் ஜாகிர் ஹுசைன். தீ அணையவில்லை, எனினும் எதிரெதிர் நின்றோரை ஒரு கூரையின்கீழ்க் கூட்டிய பெருமை அக்கல்விக்கூடத்திற்கே உரியது. 1967-இல் அந்த ஆசிரியரே நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

நம் அரசமைப்புச் சட்டம் 1976-இல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் பத்தினை வகுத்தது. 2002-இல் பதினொன்றாவதும் சேர்ந்தது: ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோர் கடமை என்பது அது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்ததும் அக்கடமை முடிந்ததென நாம் எண்ணிவிடுகிறோம். கடமைகளை மனனம் செய்து மதிப்பெண் பெறும் பிள்ளையிடம் மஹல்லா நூலகத்தின் சாவியை ஒப்படைக்க நாம் துணிகிறோமா? பொறுப்பைத் தராமல் பொறுப்புணர்வை எதிர்பார்ப்பது, விதைக்காமல் அறுவடைக்குக் காத்திருப்பதே ஆகும்.