கரும்பலகை முதல் கணிப்பொறி வரை

கல்விக் கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவற்றை ஆக்கியவர் யார், அவை எந்த ஆண்டில் வந்தன என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுவர். நாமோ வேறொரு வினாவோடு தொடங்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். அக்கருவி வகுப்பறைக்குள் வந்தபோது நம் பிள்ளை எங்கே அமர்ந்திருந்தான் என்பதே அவ்வினா.

அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ள பள்ளி நிகழ்ச்சி ஒன்றை நம்மில் பலர் அறிவர். கணக்கொன்றைப் போட்டுக் காட்டுமாறு ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகையின் பின்னே உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். பலகை அனைவருக்கும் பொதுவாகவே நிறுத்தப்பட்டிருந்தது. அதனை அணுகும் வழி மட்டும் பொதுவாய் இல்லை. ஒரு கருவி இருப்பது வேறு, அது நமக்கு எட்டுவது வேறு. கணிப்பொறியும் கைப்பேசியும் கல்விக்கூடம் புகுந்துவிட்ட இந்நாளில், அவற்றை எங்ஙனம் மதிப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது என்பதனை இவ்வுண்மையை மனத்திற்கொண்டு ஆராய்வோம்.

வானிலிருந்து வந்த பாடம்

1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை 31 வரை, செயற்கைக் கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடங்களை ஊர்களுக்கு அனுப்பும் பெருஞ் சோதனை நம் நாட்டில் நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் தனியார் வீடுகளில் அன்றி, பொது இடங்களில் வைக்கப்பட்டன. காலையில் பள்ளிச் சிறார்க்கும் மாலையில் ஊர்மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என அவ்வவ் வட்டார மொழிகளிலேயே அவை அமைந்தன. வீட்டில் பெட்டி வாங்க இயலாத உழைப்பாளியும் வந்து காணும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

ஆயினும் அச்செயற்கைக் கோள் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஓராண்டுக்கு இரவலாகத் தந்தது. தவணை முடிந்ததும் ஒளிபரப்பு நின்றது. பொது இடத்தில் வைத்தது நாம் கொள்ளத்தக்க நெறி. இரவல் பொருள் உடையவன் குறித்த நாளில் திரும்பிப் போகும் என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

பிறமொழி பேசிய பெட்டி

1984-85இல் நடுவண் அரசு ஏறத்தாழ 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. பொறிகளின் வடிவமைப்பு பிரிட்டனிலிருந்து வந்தது. அவற்றோடு வந்த பாடநிரல்களும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கருவி; முதல் தலைமுறையாய்ப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அது மற்றுமொரு பூட்டிய கதவு.

இதற்கு மாறான வழியைக் கேரளம் காட்டிற்று. 2001இல் அங்கே தொடங்கப்பெற்ற பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், ஆசிரியர் அமைப்புகளின் வற்புறுத்தலும் துணைநிற்க, உரிமக் கட்டணமற்ற கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் திரும்பியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, மலையாளத்திலேயே பாடங்களை ஆக்கியது. எதனை வாங்குவது என்பது கடைக்காரர் முடிவு செய்வதன்று, கற்பிப்போர் முடிவு செய்வது என்பதனை இதனால் அறிகிறோம்.

பெரு நாடும் தில்லியும்

பொறியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்போர் உளர். தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாடு அதனைச் செய்து பார்த்தது. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணிப்பொறிகளை அந்நாடு வாங்கியது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மாணவர் பெற்ற மதிப்பெண்கள் உயரவில்லை என்று கண்டது.

தில்லியில் 2015இல் நடந்த ஆய்வோ வேறு முடிவைத் தந்தது. பள்ளி நேரத்திற்குப் பிந்திய மையங்களில் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் நிரல் பயன்படுத்தப்பட்டது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பாராமல், எந்தப் படியில் நிற்கிறான் என்று கண்டறிந்து, அங்கிருந்தே அது பாடத்தைத் தொடங்கிற்று. ஒருவர் உடனிருந்து சிறு குழுவாகவும் கற்பித்தார். ஏறத்தாழ நான்கரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. இரண்டிடத்தும் பொறி இருந்தது. பிள்ளை நின்ற இடத்தை அறிந்து கைகொடுத்தது ஓரிடத்தில் மட்டுமே.

கதவடைந்த ஆண்டுகள்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசிக்கு இடம்பெயர்ந்தது. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழை எளியோர் வாழும் இடங்களில் ஏறத்தாழ 1,400 சிறாரிடையே ஓர் ஆய்வு நடந்தது. சிற்றூர்களில் பிற பிள்ளைகளுள் 15 விழுக்காட்டினர் இணையவழியில் ஒழுங்காகப் படித்தனர். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுள் அவ்வாறு படித்தோர் 4 விழுக்காட்டினரே. அன்று அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பிள்ளைகள் வெளியே நின்றனர். எவரும் அவர்களைத் தடுத்ததாகச் சொல்ல மாட்டார். கருவியே தடுத்தது.

பின்னர் 2021 அக்டோபரில் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், தன்னார்வலர் மாலைநேரங்களில் குடியிருப்புகளிலேயே வகுப்பு நடத்தினர். பெரும்பொறி எதுவுமில்லை, பிள்ளையை நாடி மனிதர் வந்தனர். இழந்த படிப்பை மீட்பதில் இத்திட்டத்திற்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு என ஆய்வாளரும் கண்டனர்.

நாம் கேட்க வேண்டியவை

இளைஞர்களே! நம் தெருவின் மாலைநேரப் படிப்பகத்திற்குக் கருவியொன்றைத் தருவதாக எவர் வரினும், நன்றி கூறுமுன் சிலவற்றைக் கேளுங்கள். நம் பெண்பிள்ளைகளும் அச்சமின்றி வந்து தொடக்கூடிய இடத்தில் அது வைக்கப்படுமா? தமிழில், நம் பாடநூலை ஒட்டிப் பேசுமா? பின்தங்கிய பிள்ளையின் படியிலிருந்து தொடங்குமா? இணைய இணைப்பு அற்றுப்போன நாளிலும் பயன்படுமா? இவ்வாண்டு இலவசம், அடுத்த ஆண்டு கட்டணம் எவ்வளவு? பழுதானால் செப்பனிடுவோர் யார்? நம் பிள்ளையின் பெயரும் சாதியும் மதிப்பெண்ணும் எவர் கைக்குச் செல்லும்? அனைத்திற்கும் மேலாக, உடனிருந்து கற்பிக்கப்போகிறவர் யார்?

விடைகள் நன்றாயினும் உடனே ஏற்றல் வேண்டா. வகுப்பில் முதல்வனாய் வரும் பிள்ளையிடம் அக்கருவியைக் கொடுத்து மகிழ்வது எளிது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். அப்பிள்ளை ஒரு படியேனும் ஏறினால் அக்கருவி நமக்குரியது. இல்லையெனில் விலையின்றி வரினும் வேண்டா.

அன்று கரும்பலகையை நோக்கி நடந்த சிறுவன் பின்னாளில் இந்நாட்டின் அரசியல் சட்டத்தை வரையும் குழுவிற்குத் தலைமை தாங்கினார். இன்று நம் தெருவில் திரையை நோக்கி நடக்கும் பிள்ளைக்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த கடமையாகும்.