வேலியா, சுருதி இல்லாத குறையா?

எந்த இரண்டு குவாண்டம் நிலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தலாம் என்பது மாணவர் முதலில் படிக்கும் பாடம். 1952இல் விக், வைட்மன், விக்னர் மூவரும் அதற்கு ஒரு வேலி போட்டார்கள். எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான்கள் ஒற்றைப்படையாக உள்ள நிலையையும் இரட்டைப்படையாக உள்ள நிலையையும் கலந்தால், அக்கலவையின் கட்டத்தை (phase) எந்தக் கருவியாலும் அறிய முடியாது என்றார்கள். (அவர்கள் கையாண்டது காலத்தைத் திருப்பிப் பார்க்கும் வாதம். 360 பாகை சுழற்றிப் பார்க்கும் எளிய வாதம் பிறகு வந்தது.) மின்னூட்டத்துக்கும் இதே வேலி உண்டென்று ஊகித்தார்கள். இதைத்தான் மேல்தேர்வு விதி என்கிறோம்.

இது இயற்கையே போட்ட வேலியா? மின்னூட்டத்தைப் பொறுத்தவரை இல்லை என்றார்கள் அஹரோனோவும் சஸ்கிண்டும், 1967இல். சுருதிப்பெட்டி இல்லாத மேடையில் பாடகர் சுருதி சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டால் என்ன சொல்வது? பாட்டில் குறையில்லை, ஒப்பிடத்தான் ஒன்றுமில்லை. மின்னூட்டம் இவ்வளவென்று உறுதிப்படாத பெரிய தேக்கம் ஒன்று பக்கத்தில் இருந்தால், அதை வைத்துக் கட்டத்தை அளந்துவிடலாம் என்பது அவர்கள் வாதம்.

ஜோசப்சன் சந்தியில் இதைக் கண்ணெதிரே காணலாம். இரண்டு நியோபியப் படலங்கள், நடுவே சில நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு. மீக்கடத்தும் குளிரில், எந்தப் படலத்தில் எத்தனை எலக்ட்ரான் இணைகள் என்பது மங்கிவிடுகிறது. படலங்களுக்கு இடையிலான கட்ட வேறுபாடு துலங்குகிறது. 1 மைக்ரோவோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் வினாடிக்குச் சுமார் 48.36 கோடி முறை அலைகிறது. ஒன்றுக்கொன்று சுருதிப்பெட்டி!

ஆனாலும் இரண்டும் சேர்ந்த மொத்த மின்னூட்டம் மங்கவில்லை. காஸ் விதிப்படி அது வெகுதூரத்து மின்புலத்திலேயே பதிந்துகிடக்கிறது. உள்ளே என்ன செய்தாலும் மாறாது. ஆகவே பகுதிக்கு வேலி இல்லை, முழுமைக்கு உண்டு என்பதே என் கணிப்பு.

ஃபெர்மியான் விதியை இந்தச் சமரசத்தில் சேர்க்க மாட்டேன். ஒற்றை-இரட்டைக் கலவையின் கட்டத்தை அளக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஃபெர்மியான்களைக் கூட்டும், குறைக்கும் கணிதச் செயலிகள் (operators) வரிசை மாறினால் குறி மாறுபவை, எத்தனை தொலைவில் இருந்தாலும். ஆகவே இங்கே ஒருவர் செய்வது அங்கே இன்னொருவரின் அளவீட்டில் அந்தக் கணமே தெரியும். சேதி ஒளியை முந்திவிடும். அது நடவாது, ஆகவே அந்தக் கட்டத்தை அளக்கவும் முடியாது. சுருதிப்பெட்டி தேடியும் பயனில்லை. ஒரே நிலையில் இரண்டு ஃபெர்மியான்கள் அடங்கா என்பதால் அவற்றைத் தனித்தனியாக ஒரே கட்டத்தில் தேக்கிவைக்க வழியில்லை. ஜோசப்சன் சந்தியிலும் எண்ணிக்கை மங்குவது இரண்டிரண்டாகத்தான்.