பள்ளி: படுக்கையிலிருந்து பட்டயம் வரை

பெங்களூரின் அடுகோடியில் ஒரு மலையாளி வீட்டில் ஞாயிறு காலை ‘பள்ளிக்கு’ என்றால் பூசைக்கு என்று பொருள். பக்கத்துத் தமிழ் வீட்டில் அதற்குப் பெயர் கோயில். அங்கே பள்ளி என்பது திங்கட்கிழமை பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய இடம். தமிழ் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல். கன்னடத்திலோ பகரம் ஹகரமாகி ஊரையே ஹள்ளி என்கிறார்கள். ஓசூர் சாலையில் தெற்கே போனால் பொம்மனஹள்ளி.

சொல்லின் அடியில் கிடப்பது படுக்கை. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் என்னும்போது அந்தப் பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில், சமண முனிவருக்கான கற்படுக்கைகளோடு உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘பளிய்’ என்று இருக்கிறது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். துறவி படுத்த இடமே அவர் உறைவிடம். பாடம் சொன்னதும் அங்கேதான்.

மன்னர்களும் அந்தச் சொல்லை விடவில்லை. இறந்த அரசர்க்கு எடுத்த கோயில் பள்ளிப்படை. வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு ஒன்று எடுத்தான். கல்வெட்டு அரிஞ்சயனை ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்கிறது. பாரிஸுக்கு வடக்கே சான் தெனியிலும் புனிதர் கல்லறையை ஒட்டியே பிரெஞ்சு மன்னர்கள் புதைக்கப்பட்டார்கள். ஆனால் அந்தத் தேவாலயம் கதீட்ரல் ஆனது 1966இல்தான். அரச எலும்புகள் எத்தனை கிடந்தாலும் ஆயரின் நாற்காலி வந்தால்தான் அந்தப் பெயர். கதீட்ரலின் கிரேக்க வேருக்கு இருக்கை என்று பொருள். நம் சொல்லுக்குப் படுக்கை போதும்.

கிறித்தவக் கோயிலுக்குப் பள்ளி என்ற சொல் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பழக்கம் என்பதற்குக் கொல்லம் சாட்சி. கி.பி. 849இல், சேரமன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டுத் தலைவன் அய்யனடிகள் திருவடிகள் செப்பேடு வெட்டித் தந்தான். கிறித்தவ வணிகர் மாருவான் சபீர் ஈசோ எழுப்பிய ‘தரிசாப்பள்ளி’க்கு நிலம், ஈழவர் குடி, வண்ணார் குடி, வரிவிலக்கு எல்லாம் அதில் உண்டு. எழுத்து வட்டெழுத்து. சாட்சிகளோ கூஃபி அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். பள்ளிக்குக் கொடையளித்தவன் கிறித்தவன் அல்லன். கொல்லத்துக்குக் கப்பல் வந்தால் போதும் என்று எண்ணியிருப்பான் என்பது என் ஊகம்.

சபீர் ஈசோவை மார் சாபோர் என்ற புனித ஆயரோடு இணைத்துப் பேசும் மரபும் கேரளத்தில் உண்டு. போர்த்துக்கீசியருக்கு அது பிடிக்கவில்லை. சாபோர், அவரோடு வந்ததாகச் சொல்லப்படும் புரோத் ஆகியோர் பெயரிலிருந்த பள்ளிகளைச் சகல புனிதர் பெயருக்கு மாற்றும்படி 1599இல் அவர்கள் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் ஆணையிட்டது. தரிசாப்பள்ளி இன்று நிற்கவில்லை. செப்பேடுகள் இரண்டு சபைகளுக்கிடையே பிரிந்து, சில கோட்டயத்திலும் சில திருவல்லாவிலும் இருக்கின்றன.