வாக்குப்பெட்டி இருந்த ஈப்போ

ஈப்போவில் மேயர் பதவி 1988 மே 27 அன்று, நகரம் மாநகராக அறிவிக்கப்பட்டபோது உருவானது. மலாய் மொழியில் மேயரின் அதிகாரப்பூர்வப் பெயர் டத்தோ பண்டார். நகர நிர்வாகமோ அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. அந்த நீண்ட காலத்தில் மன்ற உறுப்பினரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆண்டுகள் மிகச் சில. அந்தச் சில ஆண்டுகளில் தலையெடுத்தவர்கள் சீனிவாசகம் சகோதரர்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவை வளர்த்தது. 1892இல் பெருந்தீ கடைவீதிகளின் பெரும்பகுதியை எரித்தது. நகரம் நேர்வீதிகளோடு மீண்டும் எழுந்தது. சாக்கடை, குப்பை, சந்தை, தெருவிளக்கு ஆகியவற்றைக் கவனிக்கச் சானிட்டரி போர்டு இருந்தது. அதன் தலைவர் ஆங்கிலேய அதிகாரி; உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். தெருக்கூட்டி மலம் அள்ளிய தமிழ்த் தொழிலாளிக்கு அந்தப் போர்டு முதலாளியாக இருந்ததே தவிர, அவனுக்கு அதில் குரல் இருந்ததில்லை.

நகர எல்லைக்கு வெளியே ரப்பர் தோட்டங்கள். அங்கே லயத்து வீடும் குழாய்த் தண்ணீரும் தோட்டச் சாலையும் கம்பெனியின் பொறுப்பு. குறை சொல்ல வேண்டுமென்றால் கிராணியிடம், அதற்கும் மேல் துரையிடம். நகர மன்றம் தோட்டத் தமிழருக்கு அந்நியமாகவே இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1950ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தல் சட்டம் நிலைமையை மாற்றியது. 1951 டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ்டவுன் வாக்களித்தது, 1952இல் கோலாலம்பூர், பிற நகரங்கள் அடுத்தடுத்து வந்தன. நாடு தழுவிய முதல் பொதுத்தேர்தல் 1955இல்தான் நடந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மலாயா மக்கள் வாக்குச்சீட்டைப் பழகியது சாக்கடைக்கும் சந்தைக்கும் பொறுப்பான மன்றங்களில்தான்.

இலங்கைத் தமிழர் வழிவந்த எஸ். பி. சீனிவாசகமும் தம்பி டி. ஆர். சீனிவாசகமும் ஈப்போவில் வழக்கறிஞர்கள். 1953 ஜனவரியில் அவர்களின் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. 1955 பொதுத்தேர்தலில் கட்சிக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. ஈப்போ-மெங்லெம்பு உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்காவின் ஆளுநரானதும், 1957இல் இடைத்தேர்தல் வந்தது. டி. ஆர். வென்றார்.

வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். குடியுரிமை, தாய்மொழிப் பள்ளி, பன்மொழிக் கொள்கை ஆகிய மூன்றிலும் மலாயா சீனர் சங்கம் (மசீச) விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர்கள் வருந்திய நேரம் அது. அந்த வருத்தத்தை நீதிமன்ற வாதம் போல மேடையில் எடுத்துப் பேசியவர் டி. ஆர். ஒரு தமிழ் வழக்கறிஞர் சீன நகரத்தின் தலைவரானதை அதிசயமாகச் சொல்வதுண்டு. வாக்காளரின் கோபத்தைக் கணக்கில் எடுத்தால் அதில் அதிசயம் குறைவு.

அண்ணனின் களம் நகர மன்றம். கட்சி மன்றத்தைக் கைப்பற்றியது, எஸ். பி. அதன் தலைவரானார். 1962இல் ஈப்போ நகராண்மைத் தகுதி பெற்றது. பினாங்கில் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன் ‘மேயர்’ என்றே அழைக்கப்பட்டார், ஏனெனில் ஜார்ஜ்டவுன் 1957லேயே மாநகரம். ஈப்போவில் எஸ். பி. வெறும் ‘தலைவர்’தான்.

இதே காலத்தில் சுங்கை சிப்புட்டில் இன்னொரு தமிழர் வேறு பாதையில் நடந்தார். மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) தலைவர் வீ. தி. சம்பந்தனின் பலம் தோட்டங்கள். வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, தொழிலாளரே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் அவர் உருவாக்கினார். பேராக் தமிழர் அரசியல் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சம்பந்தனுக்கு அமைச்சரவை, சகோதரர்களுக்கு எதிர்க்கட்சி வரிசையும் நகர மன்றமும்.

எதிர்க்கட்சி வரிசையில் டி. ஆரின் பெயர் நிலைத்தது ஒரு வழக்கால். அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். வெளியே சொல்ல முடியுமா என்ற சவாலுக்கு, பொதுமேடையில் அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார். 1965இல் பதவி விலகினார்.

அதே 1965 மார்ச்சில், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இருந்த உறுப்பினர்கள் பதவியில் நீடித்தார்கள். நிலைமையை ஆராய அமைந்த அரச ஆணையத்தின் தலைவரும் தமிழரே: செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அவரது அறிக்கை தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு கேட்கவில்லை.

1969 மார்ச் 15 அன்று டி. ஆர். காலமானார். மே 10 தேர்தலில் கட்சி பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12ஐ வென்றது. ஆளும் கூட்டணிக்கு 19தான். உச்சம் அதுவே. 1972இல் எஸ். பி. கூட்டணியுடன் கைகோத்தார், 1974இல் கட்சி தேசிய முன்னணியில் சேர்ந்தது. வாக்காளர் மன்னிக்கவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மெங்லெம்புவில் எஸ். பி. ஜனநாயக செயல் கட்சியிடம் தோற்றார். மறு ஆண்டு இறந்தார். எதிர்ப்பிலேயே வளர்ந்த கட்சிக்கு ஆளும் அணியின் நிழல் ஒத்துக்கொள்ளவில்லை.

1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிரந்தரமாக்கியது. தலைவரும், 8 முதல் 24 வரையான உறுப்பினரும் மாநில அரசின் நியமனம். உறுப்பினர் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படாது, மறுநியமனம் உண்டு. ஆகவே ஒரு கவுன்சிலரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அவர் பகுதி மக்களைவிட அவர் கட்சியே. 2012இல் பினாங்கு தானே தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. லயத்துப் பிள்ளைகள் புந்தோங் போன்ற பகுதிகளில் குடியேறி, சாக்கடை அடைத்தால் கவுன்சிலரைத் தேடும் நகரவாசிகள் ஆனார்கள். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்கள் வந்து சேர்வதற்குள் போய்விட்டது. தேர்தலால் வந்த எஸ். பி.க்கு மேயர் பட்டம் இல்லை. ஈப்போவில் மேயர் பட்டம் பெற்றவர் எவரும் தேர்தலால் வந்தவரல்லர். தம்பி டி. ஆரின் பெயரில் ஈப்போவில் ஒரு பூங்கா இருக்கிறது. அதைப் பராமரிப்பது மாநகர் மன்றம்.