சுழியும் சாய்வும்: சைக்கிள் பவர் மீட்டர் அளவுத்திருத்தத்தின் வரலாறு

மிதிப்பவரின் உழைப்பை எண்ணாகச் சொல்ல முதலில் முனைந்தவர்கள் உடலியங்கியல் ஆய்வாளர்கள். பந்தய வீரர்கள் பின்னால்தான் வந்தார்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1913இல் மின்காந்தத் தடை கொண்ட ஆய்வக மிதிவண்டியை விவரித்து எழுதினார். 1954இல் சுவீடனின் ஃபான் டோபெல்ன் அதைவிட எளிதான ஒன்றை வடிவமைத்தார். சுழலும் சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டை. அதன் இழுப்பைக் காட்ட ஓர் ஊசல். ஊசலுக்குப் பின்னால் அளவுகோல். இந்த வழியில் வந்த மோனார்க் வண்டியில், பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கர விளிம்பு 6 மீட்டர் நகரும். 1 கிலோ எடைக்குச் சமமான இழுப்பில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஏறத்தாழ 59 வாட். கருவியைச் சோதிக்க, தெரிந்த எடையைத் தொங்கவிட்டு ஊசல் உரிய கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அளப்பவரே கருவியையும் சோதித்தார். அந்தப் பொறுப்பு பிறகு எப்படிக் கைமாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வகத்தை விட்டுச் சாலைக்கு வர, திரிபுமானி தேவைப்பட்டது. 1938இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூகே இருவரும் தனித்தனியே உருவாக்கிய கருவி அது. உலோகம் இம்மியளவு வளைந்தாலும், அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறும். அம்மாற்றத்தை வீட்ஸ்டன் சமனச்சுற்று காட்டிக்கொடுக்கும். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் இதைக் கிராங்கில் பொருத்தி, 1986இல் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கினார். முறுக்குவிசையை அவரது கருவி அதிர்வெண்ணாக அனுப்பியது. சுமையில்லாதபோது வரும் அதிர்வெண் சுழி. ஒரு நியூட்டன் மீட்டருக்கு எத்தனை ஹெர்ட்ஸ் கூடுகிறது என்பது சாய்வு. இரண்டு எண்களும் பயனர் கண்ணில் படும்படி இருந்தன. என் மதிப்பீட்டில், அந்தத் திறந்த தன்மையே எஸ்ஆர்எம்மின் பெரிய கொடை.

பின்னர் பின்சக்கர மையத்தில் பவர்டேப், 2006இல் தொடங்கிய குவார்க், இடது கிராங்கில் மட்டும் ஒட்டப்பட்ட ஸ்டேஜஸ், பெடலுக்குள்ளேயே அடங்கிய கார்மின் வெக்டர் என்று கருவிகள் பெருகின. வெப்பநிலை மாறினால் சுழி நகரும் என்பதால், மிதிக்கத் தொடங்குமுன் ஒரு பொத்தானை அழுத்திச் சுழியைச் சரிசெய்வது வழக்கமாயிற்று. அந்தப் பொத்தான் பெரும்பாலும் சுழியை மட்டுமே திருத்தும், சாய்வைத் தொடாது.

இரண்டு பிழைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நிமிடத்துக்கு 90 சுற்றில் 1 நியூட்டன் மீட்டர் சுழிப்பிழை, 100 வாட்டில் மிதித்தாலும் 400 வாட்டில் மிதித்தாலும் 9.4 வாட் தவறு காட்டும். 2 விழுக்காட்டுச் சாய்வுப்பிழையோ 100 வாட்டில் 2 வாட். 400 வாட்டில் 8 வாட். தினமும் பொத்தானை அழுத்துபவருக்கும் இந்த இரண்டாவது பிழை அப்படியே தங்கும்.

அதைப் பிடிக்கப் பழைய வழியே இன்றும் சிறந்தது. பின்சக்கரத்தை அசையாமல் பிரேக்கால் பூட்டி, கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, பெடல் அச்சில் 20 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். 172.5 மில்லிமீட்டர் கிராங்கானால் 33.8 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். கிராங்க் 5 பாகை சாய்ந்தாலே 0.4 விழுக்காடு குறையும். எடையை நம்பகமான தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். புவியீர்ப்பு நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்பதால், அரை விழுக்காட்டுத் துல்லியம் தேடுபவர் இடத்துக்குரிய மதிப்பையே பயன்படுத்த வேண்டும்.

இது வீண் கவலையல்ல. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல், 9 நிறுவனங்களின் 54 பவர் மீட்டர்களை டிரெட்மில் மீது ஓட்டி, கணித மாதிரியோடு ஒப்பிட்டார்கள். சராசரி விலகல் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கருவிக்குக் கருவி இருந்த சிதறல் அதைவிடப் பெரிது. சராசரி நன்றாக இருப்பதால் தன் வண்டியில் உள்ள கருவியும் சரி என்று எவரும் முடிவுகட்ட முடியாது.

எடைச் சோதனைக்கும் எல்லை உண்டு. இடது கிராங்கை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் கருவியில், இடது கால் 48 விழுக்காடு உழைத்தால் காட்டும் எண் 4 விழுக்காடு குறையும். சாய்வு முற்றிலும் சரியாக இருந்தாலும் இது நேரும். குவார்க் போன்ற சில கருவிகளில் சாய்வைப் பயனரே செயலி வழியே மாற்றலாம். அந்த வசதி இல்லாத கருவியில், பிழையைக் கண்டுபிடித்தவர் கருவியைத் தயாரிப்பாளருக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.