பரண் கட்டியோர்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னிப் பகுதிப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் குறிஞ்சிப்பாட்டைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். தலைவியும் தோழியும் தினைப்புனங் காக்க ஏறியிருக்கும் ‘இதணம்’ என்ற சொல் வந்தது. “இதணம் - பரண்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் செல்ல முற்பட்டபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அது எதால கட்டினது?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. என் கையிலிருந்த குறிப்பில் அதற்கு விடை இல்லை. பின்னர் விசாரித்தபோதுதான், அவனுடைய தந்தை சோளச் சேனையில் இரவு முழுவதும் பரணிலிருந்து யானைக்குக் காவல் செய்பவர் என்பதும், வார இறுதிகளில் அவனே அந்தப் பரணில் ஏறுவதுண்டு என்பதும் தெரியவந்தன. அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று, தொழிற் கேள்வி.

பரணில் ஏறியவரைப் பார்க்கவே நாம் பழகியிருக்கிறோம். பரணைக் கட்டியவர் யார், எதனாற் கட்டினார், எவருக்காகக் கட்டினார் என்ற வினாக்களை இலக்கிய வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் பெரும்பாலும் நாம் எழுப்புவதில்லை. மரத்தோடு ஒரு மேடையைக் கயிற்றாற் பிணைத்தல் என்பது மிகச் சிறிய செயல். ஆயினும், கட்டுபவனும் ஏறுபவனும் ஒருவனாக இருந்த நிலை மாறி, கட்டுபவன் கீழேயும் ஏறுபவன் மேலேயுமாகப் பிரிந்த கதை அந்தச் சிறிய செயலுக்குள்ளேயே கிடக்கிறது.

குறிஞ்சிப்பாட்டிலே இதணம் மரத்தின்மேல் அமைகிறது. அதனை அமைத்தவனுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு, அவன் ‘சேணோன்’. சேண் என்பது உயரம்; உயரத்திலிருந்து காவல் செய்பவன் சேணோன். அவன் அமைத்த பரண் புலிக்கும் அச்சந் தருவதாகக் கபிலர் கூறுகிறார். மலைபடுகடாம் இத்தகைய பரணைக் ‘கழுது’ என்ற சொல்லாற் குறிக்கிறது. குளிர், தட்டை, தழல் முதலான கிளிகடி கருவிகளும் கவணும் தினைக்காவலோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அகப்பொருள் மரபு இப்பரணைக் காதலர் சந்திப்புக்குரிய களமாக்கிக் கொண்டமையால், அதன் அடியிலுள்ள வாழ்க்கைத் தேவை நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பகலிலே கிளியையும் இரவிலே பன்றியையும் யானையையும் விரட்டாவிடின் அக்குடிக்குத் தினை இல்லை. பரணிலிருந்து எய்யப்பட்ட பன்றி உணவுமாயிற்று. காவலும் வேட்டையும் அங்கே இரண்டு தொழில்களல்ல. பரணைக் கட்டியவனே அதில் ஏறினான். அவனுடைய பெண்மக்களும் ஏறினர். கட்டு அவிழ்ந்தால் விழுபவனும் அவனேயாதலின், கட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமென்பதை எவரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்தக் கட்டின் நுட்பத்தைச் சிறிது பார்ப்போம். நல்ல கவர் உடைய மரமொன்றைத் தெரிந்துகொண்டு, இரு கிளைகளுக்கு இடையே தடித்த மரத்தடிகள் இரண்டைக் கிடையாக வைத்துப் பிணைப்பர். அவற்றின் குறுக்கே மெல்லிய கம்புகளை நெருக்கமாகப் பரப்பி, ஒவ்வொன்றையுங் கட்டி, மேலே வைக்கோலோ தழையோ இடுவர். ஆணி அடிப்பதில்லை. ஆணியோசை காட்டில் நெடுந்தூரம் கேட்கும் என்பது ஒரு காரணம். அதனினும் முக்கியமானது மரம் அசைவது என்பது. காற்றில் இரு கிளைகளும் இரு வேறு விதமாக ஆடும்போது ஆணி பிடுங்கும், அல்லது கம்பு பிளக்கும். கயிறோ அசைவுக்கு இடங்கொடுத்துத் தாங்குகிறது. ஆயினும் கயிற்றுக்கும் அதற்கேயுரிய குணங்கள் உண்டு. பச்சைக் கொடியும் மரப்பட்டை நாரும் கட்டும்போது இறுகிநிற்கும். உலர உலரத் தளர்ந்துவிடும். பருத்திக் கயிறும் சணற்கயிறும் நனைந்தாற் சுருங்கி இறுகும். வெயிலிற் காய்ந்தால் முடிச்சு நெகிழும். தென்னந்தும்புக் கயிறு நீரைப் பொறுக்கும். மரத்தோடு மரம் உராயுமிடத்தில் துணியோ தழையோ வைக்காவிடில், அமர்ந்திருப்பவன் மூச்சுவிட்டாலும் பரண் கிறீச்சிடும். இவற்றையெல்லாம் அறிந்திருத்தல் ஓர் அறிவுத்துறையே. எழுத்திலே பதியப்படாத காரணத்தால் மட்டும் அதனை நாம் அறிவென்று அழைக்கத் தயங்குகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலே இந்தப் பரண் துரைமாரின் கைக்குச் சென்றது. இந்தியிலே இதற்கு வழங்கும் பெயர் ‘மச்சான்’. தமிழ் வாசகர் இதனைக் கேட்டுப் புன்னகைப்பர். ஆனால் இது நம் வீட்டு மச்சானன்று. ‘மஞ்சம்’ என நாம் வழங்குஞ் சொல் எந்த வடசொல்லிலிருந்து வந்ததோ அதிலிருந்தே இதுவும் பிறந்தது. வேட்டைக்குச் சென்ற ஆங்கிலேயர் இதனைத் தம் மொழியிலும் ஏற்றுக்கொண்டனர். யூலும் பேர்னலும் தொகுத்து 1886 இல் வெளியான ‘ஹொப்சன்-ஜொப்சன்’ அகராதி இச்சொல்லுக்குப் பொருள் கூறும்போது, புலிக்காகக் காத்திருப்பதற்கான மேடை என்பதை முன்னும், வயல் காப்பதற்கான மேடை என்பதைப் பின்னும் வைக்கிறது. அகராதி வரிசையிலிருந்து அதிகம் ஊகிக்கக்கூடாதுதான். எனினும் தினைப்புனத்துக் குடியானவன் அந்த அகராதியைத் தொகுத்திருந்தால் வரிசை மாறியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

சொல்லோடு சட்டமும் மாறியது. 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரின் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது, ஐரோப்பியருக்கோ விலக்களிக்கப்பட்டது. அதே 1878 இல் வந்த வனச்சட்டம் பெருங்காடுகளை அரசின் ஒதுக்குக் காடுகளாக்க வழி செய்தது. 1879 இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. பாதுகாப்பு என்ற சொல் அழகானது. எவருக்காகப் பாதுகாக்கப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலும் அனுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாடும் கனவான்களுக்காக என்பதே விடை. காட்டுக்குள் வாழ்ந்தவன் பசிக்கு எய்தால் அது திருட்டு வேட்டை. வெளியிலிருந்து வந்தவன் பொழுதுபோக்குக்குச் சுட்டால் அது வீர விளையாட்டு. 1875 முதல் 1925 வரையான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் மதிப்பிடுகிறார். பலவற்றுக்கு அரசு சன்மானமும் வழங்கியது.

பழைய பரணைக் கட்டிய அதே மக்கள்தாம் துரைமாருக்கும் பரண் கட்டினர். ஊரில் எவர் வீட்டிலேனும் கிடந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து மரக்கவரில் ஏற்றிப் பிணைப்பதும் பெருவழக்காயிருந்தது. தென்னிந்தியக் காடுகளைப் பற்றி எழுதிய கெனத் அண்டர்சனின் வேட்டைக் கதைகளில் இத்தகைய கட்டிற் பரண்களைக் காணலாம். அன்றிரவு அந்தக் கட்டிலுக்குரியவர் எங்கே படுத்தார் என்று எந்த வேட்டை நூலும் கவலைப்பட்டதாக நான் வாசித்ததில்லை.

நூல்களுள் நேர்மையான ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜிம் கோர்பெற் குமாவோன் மலைநாட்டிலே பிறந்தவர். ஊர்மக்களோடு நெருங்கிப் பழகியவர். ஆட்கொல்லிகளிடமிருந்து எளியவர்களைக் காத்தவர் என்பதில் ஐயமில்லை. 1910 இல் அவர் பானார்ப் பகுதியில் ஒரு சிறுத்தையைத் தேடிச் சென்றார். நானூறு மனித உயிர்கள் அதன் கணக்கிற் சேர்க்கப்பட்டிருந்தன. அவர் அமர்வதற்குக் கிடைத்ததோ சாய்ந்து வளர்ந்த ஒரு மரம். சாய்ந்த மரத்தில் மனிதன் எளிதாக ஏறலாம். சிறுத்தை அதனினும் எளிதாக ஏறும். எனவே நீண்ட முட்கிளைகளை வெட்டுவித்து, அடிமரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டச் செய்தார். கீழே ஆடு கட்டப்பட்டது. இருள் சூழ்ந்தபின் சிறுத்தை வந்தது, ஆட்டிடமன்று, அவரிடம். பின்புறமாக வந்து முட்கிளைகளின் நுனிகளைப் பல்லாற் பற்றி இழுக்கத் தொடங்கியது. மரத்தோடு மரமாக அவர் குலுங்கினார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கைக்கெட்டாத தூரத்தில் நின்று அது இழுத்துக்கொண்டேயிருந்தது. கட்டு அவிழவில்லை. இறுதியில் அது ஆட்டின்மீது பாய்ந்தபோது அவர் சுட்டுக் காயப்படுத்தினார். பின்னர் ஊரார் பந்தங்களேந்தி உடன்வரக் காயமுற்ற விலங்கைத் தேடிச் சென்றார். அது பாய்ந்து வந்ததும் ஊரார் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினர். நிலத்தில் எரிந்துகிடந்த அந்தப் பந்தங்களின் ஒளியிலேயே அதனைக் கொன்றார்.

1954 இல் வெளியான நூலில் இச்சம்பவத்தை விவரிக்கும் கோர்பெற், அந்த முட்கட்டு முறையாகச் செய்யப்பட்டமையாலேயே தாம் உயிர்தப்பியதாக ஒப்புக்கொள்கிறார். துப்பாக்கியன்று, முடிச்சு அவரைக் காப்பாற்றியது என்பதை மறைக்காத நேர்மை அது. ஆனால் அந்த முடிச்சைப் போட்ட கைகளுக்கு நூலிலே பெயரில்லை. பெயர் எழுதும் வழக்கமே அந்த எழுத்துமுறையில் அரிதாயிருந்தது. ‘ஆட்கள்’ வெட்டினர், ‘ஆட்கள்’ கட்டினர். கபிலரின் சேணோனுக்கும் இயற்பெயர் இல்லைதான். ஆயினும் அவன் தன் தொழிலாற் பெயர் பெற்றான். இவர்கள் வெறும் ஆட்களாயினர்.

இந்த ‘ஆட்கள்’ எத்தகைய உலகில் வாழ்ந்தனர் என்பதையும் அறிதல் வேண்டும். குமாவோனிலே ‘கூலி பேகார்’ என்ற கட்டாய ஊழியமுறை நிலவியது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கும் வேட்டைக்கு வரும் வெள்ளையருக்கும் ஊரார் சுமை தூக்கவேண்டும், உணவுப்பொருள் கொடுக்கவேண்டும், விறகு, பால், புல் கொண்டுவர வேண்டும். எந்தக் குடும்பத்தின் முறை எப்போது என்பதைக் காட்டும் பதிவேடுகள் ஊர்த்தலைவரிடம் இருந்தன. கோர்பெற்றுக்குப் பானாரிற் கட்டியவர்கள் அவ்வாறு பிடிக்கப்பட்டவர்கள் என்று நான் கூறவரவில்லை. ஆட்கொல்லியை ஒழிக்க அவர்கள் மனமுவந்தே உதவியிருப்பர். ஆனால் அதே மலைநாட்டில் விளையாட்டு வேட்டைக்கு வந்தோரின் கூடாரங்கள் தாமாக மலையேறிவிடவில்லை. 1921 சனவரியில் பாகேஷ்வர் திருவிழாவிலே பெருந்திரளான மக்கள் கூடினர். பத்ரி தத் பாண்டே முதலானோர் முன்னின்றனர். ஊர்த்தலைவர்கள் அந்தப் பதிவேடுகளைக் கொண்டுவந்து சரயு ஆற்றில் எறிந்தனர். அத்தோடு அந்த ஊழியமுறை சரிந்தது. வேட்டை நூல்களை மட்டும் வாசிப்பவருக்கு இந்தச் செய்தி கிடைக்காது.

பரணின் கதை குமாவோனோடும் நிற்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற 1947 இல் கோர்பெற் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து நியேரி என்னும் ஊரில் வாழ்ந்தார். அதன் அயலிலே, நீர்நிலையொன்றின் கரையில் நின்ற பெரிய அத்தி மரத்தின்மேல் 1932 இல் ‘ட்ரீடொப்ஸ்’ என்ற விடுதி கட்டப்பட்டிருந்தது. விலங்குகளைப் பார்க்க வருவோர் மரத்தின்மேல் இரவு தங்குவர். அத்தி இனத்து மரத்தைப் புனிதமாகக் கருதும் கிக்குயு மக்களின் நிலம் அது. 1952 பெப்ரவரியில் இளவரசி எலிசபெத் அந்த மரத்தின்மேல் தங்கியிருந்த இரவிலேயே அவருடைய தந்தை இங்கிலாந்தின் சாண்ட்றிங்கம் மாளிகையில் இறந்தார். ஏறியபோது இளவரசியாயிருந்தவர் இறங்கியபோது அரசியாயிருந்தார். அன்றிரவு உடனிருந்த கோர்பெற் அதனை வியப்போடு எழுதினார். அந்தச் சிறுநூல், அவர் இறந்த 1955 இல் வெளிவந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டாகிய 1954 இலே, நிலத்தைப் பறிகொடுத்த மக்களின் எழுச்சியாகிய மௌ மௌப் போராளிகள் அந்த மரவிடுதியைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டனர். பின்னர் அண்மையில் வேறிடத்தில் அது மறுபடியும் கட்டப்பட்டது. ஏறியவரின் கதையை உலகம் அறியும். எரித்தவரின் கதையை அறிந்தோர் குறைவு.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளியிட்டது. மேல்நாடுகளில் மான் வேட்டைக்கு இன்றும் மரப்பரண் உண்டு. உலோகத்தாற் செய்த இருக்கையைச் செயற்கை இழைப் பட்டிகளால் மரத்தோடு இறுக்கி, ஏறுபவரின் உடலையும் தனிப்பட்டியால் மரத்தோடு பிணைத்துக் கொள்கின்றனர். வெயிலிற் கிடக்கும் பட்டி நாளடைவில் வலுவிழக்கும் என்ற எச்சரிக்கையோடு அது விற்கப்படுகிறது. வாங்குபவரே கட்டுகிறார், அவரே ஏறுகிறார்.

நம் நாட்டிலோ பரண் இன்னும் பழைய வேலையைத்தான் செய்கிறது. 2019 முதல் 2023 வரையான ஒவ்வோராண்டிலும் யானையால் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் இறந்தனர்; முந்நூறுக்கு மேற்பட்ட யானைகளும் மாண்டன. காடு துண்டாடப்பட்டதும், யானை நடந்த வழிகளிலே குடியேற்றங்களும் வேலிகளும் வந்ததும் இதன் காரணங்களாகும். அவற்றைத் தீர்மானித்தவர்கள் பரணில் இரவு விழிப்பவர்களல்லர். பரணிலிருப்பவனிடம் உள்ளவை ஒரு மின்சூளும் சில யானைவெடிகளும் குரலுமே.

அந்த மாணவனின் வினாவுக்கு நான் அடுத்த வாரம் என்னால் இயன்ற விடையைச் சொன்னேன்: கொடியாலும் நாராலும் கட்டியிருக்கலாம் என்று. அவன் தலையசைத்துவிட்டு, “கொடியெண்டா மாசத்துக்கு ஒருக்காலாவது மாத்த வேணும், சேர்” என்றான். தந்தை இப்போது எதனாற் கட்டுகிறார் என்று கேட்டேன். லொறியிற் சாமான் இறுக்கும் பழைய நைலோன் பட்டியாலாம். அது அறாது, ஆனால் மரம் பருக்கப் பருக்கப் பட்டி பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரிக்குமாம். ஆகையால் ஒவ்வொரு போகமும் முடிந்தபின் அதனைத் தளர்த்தி, ஒரு சாண் மேலோ கீழோ நகர்த்திக் கட்டுவார்களாம். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. இரண்டொருவர் அதனைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டனர்.