விரால் தூண்டில் போடப் போறீங்களா? சேலம், நாமக்கல்லில் புதிதாகத் தொடங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் இப்போது ஒரு புதுக் காட்சி தெரிகிறது. மூங்கில் குச்சியும் தக்கையும் வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பக்கத்தில், கார்பன் ராடும் ரப்பர் தவளையுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது அமெரிக்க, ஜப்பானிய 'பாஸ் ஃபிஷிங்' வீடியோக்களைப் பார்த்து.

நம்ம ஊர் ஏரிகளில் பாஸ் மீன் கிடையாது. ஆனால் அந்த வீடியோக்களில் காட்டும் முறை இங்கே ஒரு மீனுக்கு அப்படியே பொருந்துகிறது. அதுதான் விரால். என்ன வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும், எப்போது போடவே கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

பாஸுக்கும் விராலுக்கும் என்ன ஒற்றுமை?

இரண்டும் இரையைத் துரத்தி அலையாமல், பதுங்கியிருந்து அடிக்கும் மீன்கள். ஆகாயத்தாமரை, அல்லி, கோரைப்புல் போன்றவற்றின் ஓரத்தில் விரால் அசையாமல் நிற்கும். தவளையோ சின்ன மீனோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

விராலுக்குக் கூடுதலாக ஒரு குணம் உண்டு. செவுளால் மட்டும் சுவாசித்து அதனால் உயிர்வாழ முடியாது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அப்போது தண்ணீரில் 'பொளக்' என்று ஒரு குமிழி உடையும். கரையில் பத்து நிமிடம் சத்தம் போடாமல் நின்று பார்த்தாலே விரால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் வந்தவுடன் தூண்டிலை வீசாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

தென்னிந்திய ஏரிகளில் ராடு, ரீல் வைத்து மீன் பிடிப்பதும் இன்று நேற்று வந்தது அல்ல. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலையும், பிறகு ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனி நூலையும் எழுதியிருக்கிறார்.

முதல் நாளே விராலா?

வேண்டாம். முதலில் ஜிலேபி மீனில் கை பழகுவது நல்லது. எல்லா ஏரியிலும் இருக்கும், அடிக்கடி கடிக்கும், செலவும் குறைவு.

இதற்குத் தேவை ஒரு குச்சி, மெல்லிய நரம்பு, தக்கை, சின்ன ஈயக்குண்டு, 8ஆம் நம்பர் அளவில் ஒரு முள். சாதாரண முள்ளில் நம்பர் கூடக் கூட அளவு சின்னதாகும். 1/0, 2/0 என்று சுழியோடு வந்தால் தலைகீழ், அதில் நம்பர் கூடினால் முள் பெரிது. கடையில் புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

முள்ளில் மண்புழுவைத் துண்டாகக் கோத்துப் போடலாம். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டியும் வைக்கலாம். தக்கை லேசாக ஆடும்போது இழுக்கக் கூடாது. அது மீன் ருசி பார்க்கும் நேரம். தக்கை முழுசாக மூழ்கினாலோ, ஒரு பக்கமாக நகர்ந்து போனாலோ மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். இந்தப் பொறுமை பழகினால்தான் விராலிடம் வேலை ஆகும்.

விராலுக்கு என்ன வாங்க வேண்டும்?

ராடு: 6.5 முதல் 7 அடி. 'மீடியம் ஹெவி' என்று எழுதியிருக்க வேண்டும். விரால் மாட்டியதும் செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். வளைந்து கொடுக்கும் மெல்லிய ராடால் அதை வெளியே இழுக்க முடியாது.

ரீல்: புதியவர்களுக்கு ஸ்பின்னிங் ரீல்தான் வசதி. 3000 அல்லது 4000 அளவு போதும். மேலே சுற்றும் பெய்ட்காஸ்டிங் ரீலில் பழக்கம் இல்லாதவர்கள் வீசினால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும்.

நரம்பு: 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு. இது நீளாது. அதனால் செடியை அறுத்துக்கொண்டு வரும், முள் தைப்பதும் உறுதியாக இருக்கும். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் சாதாரண நைலான் நரம்பே போதும்.

லூர்: ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளையை வாங்கலாம். இதன் இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். அதனால் செடியில் மாட்டாது. மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும். உயிருள்ள தவளையைப் பிடித்துக் கோக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இவற்றோடு மூக்கு நீண்ட குறடு ஒன்று கட்டாயம். விராலுக்குப் பல் உண்டு. விரலை விட்டு முள்ளை எடுக்கப் பார்த்தால் காயம்தான் மிஞ்சும்.

முடிச்சு எப்படிப் போடுவது?

பின்னல் நரம்பு வழுக்கும், சாதாரண முடிச்சு அவிழ்ந்துவிடும். நரம்பை இரட்டையாக மடித்து லூரின் வளையத்தில் நுழைத்து, ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, அந்த மடிப்புக்குள் லூரை நுழைத்து வெளியே எடுத்து இறுக்க வேண்டும். இதற்குப் பெயர் பாலோமர் முடிச்சு. இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடாகி வலு குறையும்.

வீசுவதும் இழுப்பதும்

குமிழி வந்த இடத்தின் மேலேயே லூரைப் போட்டால் மீன் மிரண்டு ஓடிவிடும். அதைத் தாண்டி இரண்டு, மூன்று அடி தள்ளிப் போட்டு, அந்த வழியாக இழுத்து வர வேண்டும். தவளை நீந்துவது போல இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும்.

புதியவர்கள் மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் அடுத்த நொடியில். தண்ணீர் சிதறியதைப் பார்த்ததும் பதறி இழுப்பார்கள், தவளை மட்டும் பறந்து வரும். விரால் லூரை வாய்க்குள் வாங்கித் திரும்புவதற்கு நேரம் தர வேண்டும். மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி, நரம்பில் கனம் தெரிந்ததும் ராடை வேகமாக மேலே தூக்க வேண்டும். அதன்பிறகு நிறுத்தாமல் சுற்ற வேண்டும். கொஞ்சம் தளர்த்தினாலும் செடிக்குள் போய்விடும்.

அதிகாலையும் சாயங்காலமும் நல்ல நேரம். உச்சி வெயிலில் ஆகாயத்தாமரையின் நிழலில் தேடிப் பார்க்கலாம்.

சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால்?

இதுதான் மிக முக்கியமான விஷயம். மழைக்காலத்தை ஒட்டி ஏரி ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் பொரிந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் தெரியும். அவை விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும்.

அந்தக் கூட்டத்தின் மேல் எதைப் போட்டாலும் பெரிய விரால் பாய்ந்து வரும். பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. புதியவருக்கும் மீன் மாட்டும் என்பதால் சில வீடியோக்களில் இதை ஒரு 'டெக்னிக்' ஆகவே சொல்லித் தருகிறார்கள்.

காவல் மீன் போய்விட்டால் என்ன ஆகும்? சுற்றியிருக்கும் ஜிலேபியும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக அந்த ஏரியின் அடுத்த தலைமுறையே போகிறது. பாஸ் மீனும் முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பதுதான். அதனால்தான் அமெரிக்காவின் சில மாநிலங்களில் இனப்பெருக்கக் காலத்தில் அதைப் பிடிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கே கரையில் வந்து தடுக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விடுவதுதான் சரி. தெரியாமல் மாட்டிவிட்டால், முள்ளை எடுத்து உடனே அதே இடத்தில் விட்டுவிட வேண்டும்.

எங்கே போடலாம்? யாரிடம் கேட்க வேண்டும்?

பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். கரையில் யாரும் இல்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. "அண்ணா, தூண்டில் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. பறவைகள் கூடு கட்டும் ஏரிகளில் அந்தப் பக்கமே வீச வேண்டாம். அறுந்து கிடக்கும் நரம்பு பறவையின் காலில் சுற்றினால் அது பிழைப்பது கஷ்டம்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை விரிக்கிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. அங்கே தூண்டில் போட நினைப்பவர்கள் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்கிறது. கரையில் யாராவது கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

உயிருக்கு ஆபத்து எங்கே?

காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், பூலாம்பட்டி எனக் கதவணைகள் வரிசையாக இருக்கின்றன. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் தேக்குவதும் திறப்பதும் நடந்துகொண்டே இருக்கும். ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. ஆற்றின் நடுவில் இருக்கும் பாறையில் ஏறி நின்று வீசுவதுதான் மிகப் பெரிய தவறு. அணை உபரிநீர் திறப்பு அறிவிப்பு வந்த நாட்களில் ஆற்றுக்கே போகக் கூடாது.

இன்னொரு ஆபத்து தலைக்கு மேலே. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி போகும் இடத்தில் வீசுவதும், இடி இடிக்கும்போது ராடைப் பிடித்து நிற்பதும் உயிருக்கு உலை வைக்கும். ஏரிகளில் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்குள் தெரியாது. மாட்டிக்கொண்ட 300 ரூபாய் லூரை எடுக்க இறங்க வேண்டாம். நரம்பை அறுத்துவிட்டு வந்துவிடலாம்.

கிளம்பும்போது

சாப்பாட்டுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன விராலை ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் தண்ணீரில் விடாதீர்கள். நாட்டு மீன்களை அழிப்பதால் அதை வளர்க்கவே தடை இருக்கிறது. அறுந்த நரம்பு, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஞாயிறும் அந்தக் கரையில் உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள்.